தொகையைப் பார்க்காதே, மனையைப் பார்

அரசு வீட்டுக்கு எதில் மனு போடலாம் என்று கேட்பவர்கள் முதலில் தொகையைத்தான் பார்ப்பார்கள். பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம். கான்கிரீட் கூரைத் தளம் போட தமிழக அரசு இன்னொரு 1.20 லட்சம் சேர்க்கிறது. நூறு நாள் வேலைக் கூலியும் கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் தனி. தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு 3.50 லட்சம்; ஆனால் கூலியும் கழிப்பறையும் அதற்குள்ளேயே அடக்கம். முன்னது குறைந்தது 269 சதுர அடி கேட்கும். பின்னது 360, அதில் 300 கான்கிரீட் தளம், மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரையாகவும் இருக்கலாம்.

கணக்கில் கனவு இல்லம்தான் முந்துகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகிய எனக்கு, ஆளைத் தள்ளுவது தொகை இல்லை, விதியும் மனையும்தான் என்று தெரியும்.

மத்தியத் திட்டத்தின் பழைய விதியில், இன்ஜின் பொருத்திய மீன்பிடிப் படகு இருந்தாலே பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். கடன் வாங்கிப் போட்ட பைபர் படகும் காரும் ஒரே தட்டில்! பைக் இருந்தாலும் அதே கதி. 2024-ல் படகு, பைக் என்ற இரண்டு தடையையும் எடுத்துவிட்டார்கள். கடற்கரைக்கு இது பெரிய மாற்றம். குப்பத்தில் இன்னும் பாதிப் பேருக்கு யாரும் சொல்லவில்லை.

குத்தகை விவசாயி கதை நேர்தலைகீழ். சொந்த நிலம் இல்லாததால், அளவுக்கு மேல் நிலம் வைத்திருப்பவரைத் தள்ளும் ஏக்கர் விதி அவரைத் தொடாது. அவர் சிக்குவது பட்டாவில். கனவு இல்லத்துக்குக் கூரை வீட்டோடு சொந்த மனையும் வேண்டும். டெல்டாவில் அவர் குடிசை நிற்பது பெரும்பாலும் கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில், இல்லாவிட்டால் மிராசுதார் இடத்தில். கையில் இருக்கும் குத்தகை ரசீது வயலுக்கு, வீட்டுக்கு இல்லை. 1971-ன் குடியிருப்புச் சட்டம் அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இப்படிப் பிறர் இடத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் அந்த மனையில் உரிமை தந்தது. பிறகு மகன் கல்யாணம் கட்டிப் பக்கத்தில் போட்ட குடிசைக்கு அதில் இடமில்லை.

மனைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது கேரள அரசின் புனர்கேகம் என்ற வீட்டுத் திட்டம். அலை விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு 10 லட்சம்: நிலத்துக்கு 6 வரை, வீட்டுக்கு 4. யோசனையில் இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. குறையும் உண்டு: கரையோரம் அந்த விலைக்கு மனை கிடைக்காது, உள்ளே தள்ளித்தான் போக வேண்டும். திருவனந்தபுரம் முட்டத்தறையில் கட்டியதுபோல அடுக்குமாடி என்றால், வலையை எங்கே உலர்த்துவது, இன்ஜினை யார் மாடிக்குத் தூக்குவது?

ஆகவே பட்டா கையில் உள்ள கூரை வீட்டுக்காரர் கனவு இல்லத்துக்கே போகலாம். படகால் முன்பு தள்ளப்பட்டவர் மத்தியத் திட்டத்தில் மறுபடி பெயர் கொடுக்க வேண்டும். குத்தகைக்காரர் வீட்டு மனுவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் வீட்டுமனைப் பட்டாவுக்கு எழுதட்டும். அதற்குத் தாலுகா ஆபீஸ், ஒன்றிய அலுவலகம் இல்லை.