ஏஐ முகவருக்கு வெளிச்சேவைகள்: நேரடி இணைப்பா, பொது அடுக்கா?

ஏஐ முகவர் ஒன்று, அதாவது நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் ஏஐ மென்பொருள், மின்னஞ்சலைப் படித்து, நாட்காட்டியில் சந்திப்பைக் குறித்து, குழுவுக்குத் தகவலும் அனுப்ப வேண்டுமானால், மூன்று வெளிச்சேவைகள் அதற்குக் கதவு திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாமே நிரல் எழுதலாம். அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான இணைப்பு அடுக்கு ஒன்றை நடுவில் வைக்கலாம். இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் இணையும் சேவைகளின் எண்ணிக்கையையே பார்க்கிறார்கள். பிழை நேரும்போது முகவருக்கு என்ன தெரியவருகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

ஏனெனில் ஒவ்வொரு சேவையும் பிழையை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. குழு உரையாடல் சேவையான ஸ்லாக்கின் ஏபிஐ (பிற நிரல்கள் அதை அணுகும் வாயில்), கோரிக்கை தோற்றாலும் பெரும்பாலும் 200 என்ற வெற்றிக் குறியீட்டையே தந்து, தோல்வியைப் பதிலின் உள்ளே எழுதி அனுப்பும். நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்போ, நமக்கு அனுமதி இல்லாத தனியார் களஞ்சியத்தை (நிரல் தொகுப்பை) கேட்டால், அப்படி ஒன்று இருப்பதையே காட்டிக்கொடுக்காமல் 404, அதாவது 'கிடைக்கவில்லை', என்று சொல்லும். நேரடியாக இணைத்தவர் இந்த வழக்கங்களை அறிந்து நிரல் எழுதியிருப்பார். பொது அடுக்கு இவற்றையெல்லாம் ஒரே அச்சில் வார்த்து 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொன்னால், முகவர் அதை நம்பிப் புதிய களஞ்சியத்தையே உருவாக்கக் கிளம்பிவிடும்.

பயனர்கள் பலராகும்போது நிலைமை தலைகீழாகிறது. பயனரின் கணக்கைத் திறக்கும் தற்காலிகச் சாவியான கூகுளின் அணுகல் டோக்கன் பொதுவாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். ஒவ்வொரு பயனருக்கும் அதைப் புதுப்பிப்பது, பாதுகாப்பாகச் சேமிப்பது, அனுமதியைத் திரும்பப் பெற்றவரை அடையாளம் காண்பது எல்லாம் ஓயாத வேலை. இதில் நல்ல பொது அடுக்குக்கே என் வாக்கு. ஆனால் அத்தனை பேரின் சாவிகளும் அப்போது ஓரிடத்தில் குவிகின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐ மாடல்களை வெளிக்கருவிகளோடு இணைக்கும் எம்சிபி (Model Context Protocol) நெறிமுறையையும் இத்தகைய அடுக்காகவே சிலர் எண்ணுகிறார்கள். கருவிகளை எப்படி விவரிப்பது, எப்படி அழைப்பது என்பதை அது பொதுவாக்குகிறது. கருவிக்குள் பிழை எப்படிக் கையாளப்படுகிறது என்பது அந்தக் கருவியை வழங்கும் சேவையகத்தை எழுதியவர் பொறுப்பு. மேலும், இணைக்கும் கருவிகளின் விவரங்கள் வழக்கமாக மாடலின் சூழல் இடத்தை (அது ஒரே நேரத்தில் கவனத்தில் கொள்ளக்கூடிய உரையின் அளவை) நிரப்புவதால், ஒரே மாதிரியான கருவிகள் பெருகப் பெருகத் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கூடும்.

மறுமுயற்சியையும் கவனிக்க வேண்டும். பதில் வராதபோது கோரிக்கையைத் தானாகவே மீண்டும் அனுப்பும் அடுக்கு, படிக்கும் வேலைக்கு உதவும். முதல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தாலோ பெறுநருக்கு இரண்டு மடல்கள் கிடைக்கும்.

ஒரே நிறுவனக் கணக்கில் இரண்டு மூன்று சேவைகள் போதுமென்றால் நான் நேரடியாகவே இணைப்பேன். பயனர்கள் பலர் என்றால், மூலப் பிழையை அப்படியே கடத்துவதும், படிக்கும் அனுமதியையும் எழுதும் அனுமதியையும் தனித்தனியே தருவதுமான பொது அடுக்கைத் தேர்வேன். அதற்கு முன் சோதனைக் கணக்கு ஒன்றின் அனுமதியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, முகவருக்கு வந்து சேரும் பதிலை வரி வரியாகப் படித்துப் பார்ப்பேன்.