டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குத் துணை: அரசு மையமா, தனியார் தெரபியா, பெற்றோர் குழுவா?

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று உறுதிசெய்யும் கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) அறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே வீட்டில் ஆலோசனை தொடங்கிவிடும். மாமா சென்னைக்குக் கூட்டிப்போகச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா தனக்குத் தெரிந்த தெரபி சென்டரின் நம்பரைத் தருவார். 'பவுடர் ஒன்று இருக்கிறது, கொடுத்தால் சரியாகிவிடும்' என்று சொல்லவும் ஒருவர் வருவார். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் இருப்பது நான்கு வழிகள்தான்: அரசின் மாவட்ட மையம், காசு கட்டிப் போகும் தனியார் மையம், தொண்டு நிறுவனங்கள், மற்ற பெற்றோர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடங்களுக்கு அரசு மையமும் ஒரு நல்ல பெற்றோர் குழுவும் இருந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். தனியார் மையம் அப்புறம், குறிப்பிட்ட ஒரு தேவை வரும்போது.

அதற்கெல்லாம் முன்னால் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, நிறம் மாறவில்லை என்பதற்காக எக்கோ என்கிற இதய ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. இதய அறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் பல குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அறுவைசிகிச்சை செய்யச் சொல்வார்கள். பிசியோ ஒரு மாதம் தாமதமானால் ஈடுகட்டிவிடலாம், இதை ஈடுகட்ட முடியாது. தைராய்டு சோதனை பிறந்தவுடன், ஆறாவது மாதம், ஒரு வயதில், பிறகு வருடா வருடம். காதும் கண்ணும் இதே பட்டியலில் வரும்.

அரசு மையத்துக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இதுவே காரணம். குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்க 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் ஒன்று. அதன் கீழ்தான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் வந்தன. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் டி.இ.ஐ.சி. என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோ, செவித்திறன் சோதனை, பேச்சுப் பயிற்சி, உளவியலாளர் எல்லாரும் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். இதய அறுவைசிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான வழியையும் இங்கேயே கேட்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. வரிசை நீளும், கிடைக்கும் நேரம் குறைவு. ஏதாவது ஒரு பணியிடம் காலியாக இருக்கும், பழகிய தெரபிஸ்ட் மாற்றலாகிப் போய்விடுவார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இலவச தெரபி என்பதும் இலவசமில்லை, ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் போகிறது.

தனியார் மையத்தில் இந்தத் தொந்தரவுகள் குறைவு. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார்கள், வாரத்தில் மூன்று நாள் கூட வரலாம், அறை நிறைய வண்ணப் பந்துகள் கிடக்கும். செஷனுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி, ஊரையும் பெயரையும் பொறுத்து மேலே போகும். ஆனால் பல இடங்களில் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். முக்கால் மணி நேரம் கழித்து, "இன்னைக்கு நல்லா பண்ணினான்மா" என்று ஒரு வரி. என்ன பண்ணினான், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாது. தசைத் தளர்வு உள்ள குழந்தையை எப்படித் தூக்குவது, குப்புறப் படுக்கவைத்துத் தலையை நிமிர்த்தப் பழக்குவது எப்படி, சோறு ஊட்டும்போது நாக்கு வெளியே தள்ளினால் கரண்டியை எங்கே வைப்பது, இதெல்லாம் ஒரு நாளில் பத்து முறை வீட்டில் நடக்கிற வேலை. இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் சொல்லித் தராத மையம், எவ்வளவு வசதியாக இருந்தாலும், எனக்குப் பாதி மையம்தான்.

சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 'நாங்கள் உள்ளே உட்காரலாமா?' என்பது ஒன்று. பேச்சுப் பயிற்சி தருபவருக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டருக்கும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்பது இன்னொன்று. முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம்.

தனியார் மையம் உண்மையில் கைகொடுப்பது பேச்சில். இந்தக் குழந்தைகள் பலருக்குப் புரிந்துகொள்வது முன்னால் ஓடும், பேச்சு பின்தங்கும். இரண்டு, மூன்று வயதில் வாரம் ஒருமுறையாவது ஒழுங்கான ஸ்பீச் தெரபி தேவைப்படும்போது அரசு மையத்தில் அது கிடைக்காவிட்டால், தனியாரிடம் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு முன் காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதித்துவிடுங்கள். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இவர்களிடம் சகஜம்.

தொண்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை எல்லாமே ஊரைப் பொறுத்தது. சென்னை தி.நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம், பெற்றோரும் கூடவே இருந்து கற்றுக்கொள்ளும் முறைக்குப் பெயர் பெற்றது. நான் மேலே சொன்ன குறைக்கு நேர் மாறான இடம். தொண்டு நிறுவனம் இல்லை என்றாலும், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, நீப்மெட் என்று அழைக்கிறார்கள், மதிப்பீட்டிலிருந்து தொழிற்பயிற்சிவரை அங்கே உண்டு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித்தருகிறார்கள். அந்தப் பகுதியில் இருக்கிறவர்கள் சென்னைக்கு ரயில் ஏறும் முன் அங்கே விசாரித்துவிடலாம்.

இனி பெற்றோர் குழு. தெரபி கிடைக்காத இடம் என்பதால் பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தை பிறந்ததும் "கிரகணத்துல வெளிய போனியா?", "உங்க வம்சத்துல யாருக்காவது இருக்கா?" என்று அம்மாவைச் சுற்றி விசாரணை நடக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது செல் பிரியும்போது தற்செயலாக ஒரு 21-ஆம் குரோமோசோம் கூடிப்போனதால் வருவது, யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அது மனதில் இறங்குவதற்கு, அதே விசாரணையைத் தாண்டி வந்த இன்னொரு அம்மா வேண்டும். "அக்கா, உங்க பையன் எப்ப நடந்தான்?" என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டால், "ரெண்டேகால் வயசுல, பயப்படாத" என்று பதில் வர வேண்டும். சென்னையில் இருந்து இயங்கும் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவே ஒரு தாயின் முயற்சியில் பிறந்ததுதான்.

குழுவிலும் ஆபத்து உண்டு. ஒரு குழந்தை ஒன்றரை வயதில் நடக்கும் வீடியோ வந்தால், மூன்று வயதிலும் நடக்காத குழந்தையின் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்டெம் செல், 'மூளை வளர்ச்சி' டானிக் என்று விற்கிறவர்களும் இங்கேதான் நுழைவார்கள். டவுன் சிண்ட்ரோமைக் குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது. அப்படி வரும் செய்திகளை உடனே நீக்கும் அட்மின் இருக்கிறாரா என்பதை வைத்தே ஒரு குழுவின் தரத்தைச் சொல்லிவிடலாம். அப்பாக்களையும் சேர்த்துவிடுங்கள். எல்லாத் தகவலும் அம்மா வழியாகவே வந்தால் பாரமும் அவர் தலையிலேயே நிற்கும்.

காகித வேலைக்கு அரசு அலுவலகத்தைத் தவிர வேறு வழியில்லை, ஆனால் எந்த ஜன்னலில் நிற்பது என்று சொல்வது குழுதான். குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் முதலில். சின்ன வயதில் தரும் சான்றைக் குழந்தை வளர வளரப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் சான்றை வைத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் அதில் ஒரு பகுதி உண்டு என்பதால், தனியார் மையத்துக்குப் போகிறவர்கள் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளி வயது வந்ததும் கணக்கு மாறும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோவும் சிறப்பாசிரியரும் இருப்பார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தால் அந்த உதவியும் சேர்ந்து வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அங்கே இடம் மறுத்தால், தனியாகப் போகாமல் குழுவில் இருந்து இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.