கர்னல் நடத்திய தலைமைப் பயிற்சி: முதல் நாள் சுமார், இரண்டாம் நாள் அருமை

மருத்துவமனையில் இரவுப் பணிச் செவிலியர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ராணுவ அனுபவத்திலிருந்து தலைமைப் பாடம் என்று இரண்டு நாள் பயிற்சி, நிர்வாகம் அனுப்பிவைத்தது. நானாகப் பணம் கட்டிப் போயிருக்க மாட்டேன்.

பயிற்சியாளர் முப்பது வருடத்துக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற கர்னல். முதல் நாள் முழுக்க ரோந்து, பனிமலை, பழைய படங்கள். சுவையாகத்தான் சொன்னார். ஆனால் அதை வைத்து வார்டில் என்ன செய்வது என்று யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கையேடும் அப்படித்தான், பக்கத்துக்குப் பக்கம் பொன்மொழி.

மறுநாள் காலை வேறு ஆளாக வந்தார். எடுத்த எடுப்பிலேயே ஒரு தோல்வியைப் பலகையில் வரைந்தார். 1854 அக்டோபர் 25, கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படை ரஷ்யர்களோடு மோதிய பாலக்ளாவா போர்க்களம். மேட்டில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராக்லன், எதிரி பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போவதைத் தடுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு அனுப்புகிறார். கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவே இல்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டதற்கு, உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டிய திசை பள்ளத்தாக்கின் கோடி. அங்கேதான் ரஷ்யப் படையின் பீரங்கி வரிசை நின்றது. சுமார் 670 குதிரை வீரர்கள் அதை நோக்கிப் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 110 பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர்.

எங்களுக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு அப்படியே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும், அது எங்கள் விதி. லூக்கனும் அந்தச் சீட்டைப் பிசகாமல் வாசித்துக் காட்டியிருப்பார்! அதில் இருந்த வார்த்தைகளில் பிழை இல்லையே. மேலே நிற்பவருக்குத் தெரிந்த காட்சி கீழே இருப்பவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு ராணுவத்தில் பேக் பிரீஃப் என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். உத்தரவு வாங்கியவர் அதை ஒப்பிக்கக் கூடாது. எதற்காகச் செய்கிறோம், எப்படிச் செய்யப்போகிறேன் என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். கர்னல் இதை வெறும் பேச்சோடு விடவில்லை. இருவர் இருவராக உட்கார வைத்து ஆளுக்கொரு வரைபடம் கொடுத்தார். என் படத்தில் கிடங்கு இரண்டு. எதிரே இருந்த மருந்தகப் பொறுப்பாளரின் படத்தில் பாதி மறைக்கப்பட்டிருந்தது, அது எனக்குத் தெரியாது. "மேட்டுக்கு அப்பால் இருக்கும் கிடங்கைக் காலி செய்யுங்கள்" என்றேன். ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, தவறான கிடங்கில் குண்டூசியைக் குத்தினார். அடுத்த சுற்றில் திட்டத்தைச் சொல்லச் சொன்னேன். "ஆற்றைத் தாண்டாமல் வடக்குப் பாதையில் போவேன்" என்று தொடங்கினார். ஆற்றைத் தாண்டாமல் எப்படி என்று நான் கேட்க, பிசகு அங்கேயே பிடிபட்டது.

ஊர் திரும்பி வந்து இதைத்தான் உடனே எடுத்துக்கொண்டேன். ஏழாம் படுக்கையைக் கவனமாகப் பார்த்துக்கோ என்றால் எல்லாப் பிள்ளைகளும் "சரி சிஸ்டர்" என்பார்கள். இப்போது கூடவே, "என்னென்ன பார்ப்பே? எது மாறினா என்னைக் கூப்பிடுவே?" என்றும் கேட்கிறேன். பி.பி. பார்ப்பேன் என்றாள் ஒருத்தி. நான் மனதில் வைத்திருந்தது சிறுநீர் அளவை. அரை நிமிட வேலைதான், ஆனால் பரீட்சை வைப்பது போல் கேட்டால் பிள்ளைகள் மிரள்கிறார்கள். தொனியில் கவனம் வேண்டும். அதைக் கர்னல் சொல்லித்தரவில்லை.

அந்த இரண்டாம் நாள் மதியம், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த ஐசனோவர் எழுதிய சீட்டு. 1944இல் பிரான்ஸ் கரையில் நடந்த நார்மண்டித் தரையிறக்கம் தோற்றால் வெளியிட என்று முன்கூட்டியே எழுதி வைத்தது. பழி ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்று முடியும். அவசரத்தில் ஜூன் 5க்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார். படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில் எழுதியதை அடித்து, நான் திரும்பப் பெற்றேன் என்று மாற்றியிருக்கிறார். எங்கள் சம்பவ அறிக்கைகளில் எல்லாமே தானாக நடந்ததாக எழுதியிருக்கும். சீட்டைப் பார்த்ததும் அறையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டோம்.

குறைகளும் உண்டு. ராணுவத்தில் நினைத்த மாத்திரத்தில் ராஜினாமா கொடுக்க முடியாது, எங்கள் பிள்ளைகள் அடுத்த மாதமே வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். இதைக் கேட்டபோது, "'இது என் உத்தரவு' என்று நானே அபூர்வமாகத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். நல்ல பதில். ஆனால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், இதற்கே ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம். எல்லாம் முடிந்தபின் நடந்ததை அலசும் பகுதியில் பதவியில் பெரியவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று விதி போட்டார். எங்கள் குழுவில் மூத்த டாக்டர்தான் முதலில் ஆரம்பித்தார், கர்னலும் தடுக்கவில்லை. பாதிப்பேர் மருத்துவமனைக்காரர்கள் என்று தெரிந்தும், நோயாளி நிலையைச் சொல்ல நாங்கள் தினமும் பயன்படுத்தும் எஸ்பார் முறைக்கு வேர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இருக்கிறது என்பதை அவர் தொடவே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு நல்லது, பொறுப்புக்கு வராதவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் நாளை மட்டும் தனியாக நடத்தினால் சொல்லுங்கள், என் ஷிப்ட் இன்சார்ஜ்கள் எல்லோரையும் அனுப்புகிறேன்.