கயிற்றை இழுக்கும் நாய்: காலர், ஹார்னஸ், முகப்பட்டை, சங்கிலி - எது எதற்கு?

நாய் கயிற்றை இழுப்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அதன் இயல்பான நடை நம்முடையதைவிட வேகம். அது இழுக்கிறது, நாம் பின்னால் போகிறோம், அது மோந்துபார்க்க நினைத்த கம்பம் கிட்டே வந்துவிடுகிறது. நாம் வைக்கும் ஒவ்வொரு எட்டும் இழுத்ததற்கான கூலி. ஒருநாள் விறைப்பாக நின்று, மறுநாள் அவசரத்தில் விட்டுக்கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் கூலிதான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்கும்.

இதற்குப் போட்டியாக ஒரு பழைய விளக்கம் உண்டு: முன்னால் நடக்கும் நாய் தன்னைத் தலைவனாக நினைக்கிறது, அதை அடக்க வேண்டும் என்பார்கள். இந்தத் 'தலைவன்' கதை, 1947-ல் ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெச் 1999-ல் விளக்கினார். தலைவனைக் குறிக்கும் 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பரப்பியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அந்தத் திருத்தத்துக்கு எடை அதிகம். ஆகவே இங்கே கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: இழுக்கும்போது விசை உடம்பில் எங்கே விழுகிறது? அதிலிருந்து நாய் எதைக் கற்றுக்கொள்கிறது?

தட்டைக் காலர்

பெயர்த் தகடு மாட்ட இதுதான் இடம். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுக்காத நாய்க்கு இது போதும். இழுக்கும் நாய்க்கோ அத்தனை விசையும் மூச்சுக்குழல் மேல் விழுகிறது. காலர் மாட்டி இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸில் அப்படிக் கூடாததையும் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. பக் போன்ற குட்டை மூக்கு நாய்கள், மூச்சுக்குழல் தளரும் போக்குள்ள பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், கண் அழுத்த நோய் உள்ளவை ஆகியவற்றுக்குக் காலரில் கயிறு மாட்டவே கூடாது.

தலையைவிடக் கழுத்து பருத்த கிரேஹவுண்ட் வகைகள் பின்னால் நகர்ந்தே காலரிலிருந்து கழன்றுவிடும். அவற்றுக்கு மார்ட்டிங்கேல் காலர் உதவும். அது ஓரளவுக்கு மட்டும் இறுகி நின்றுவிடும். முழுதாக இறுகிய நிலையிலும் கழுத்தை நெரிக்காத அளவில் அதைச் சரிசெய்வதுதான் முக்கியம்.

முதுகு வளைய ஹார்னஸ்

கழுத்துக்குப் பாதுகாப்பு, மாட்டுவதும் எளிது. இதன் குறையும் அந்தச் சொகுசிலேயே இருக்கிறது. விசை மார்பு முழுக்கப் பரவுவதால் நாய் வலியில்லாமல் முழு உடம்பையும் போட்டு இழுக்கலாம். பனிவண்டி இழுக்கும் நாய்க்குப் பூட்டுவதும் இதே தத்துவம்தான். 'ஹார்னஸ் போட்டதும் இழுக்கக் கற்றுக்கொண்டது' என்று குறை சொல்வது முழு உண்மையல்ல. ஹார்னஸ் இழுப்பதைச் சுலபமாக்குகிறது. கூலி கொடுத்தது பின்னால் போன கால்கள். 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிற்றில் விட்டு மோந்துபார்க்க வைக்கும்போது மாட்ட வேண்டியது இதைத்தான். நீளக் கயிற்றைக் காலரில் மாட்டினால், நாய் ஓடிப் போய்க் கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுபடும்.

மார்பு வளைய ஹார்னஸ்

பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் தேர்வு இது. கயிறு மார்பின் நடுவில் மாட்டப்படுவதால், நாய் முன்னால் பாய்ந்தால் அதன் உடம்பு பக்கவாட்டில் நம் பக்கம் திரும்பிவிடும். வலியில்லை, ஆனால் இழுத்து எட்ட நினைத்த இடத்துக்குப் போகவும் முடியாது.

பிழை பெரும்பாலும் அளவில்தான் நேர்கிறது. மார்பைச் சுற்றும் பட்டை முழங்கைக்கு இரண்டு விரல் பின்னால் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் அக்குள் உரசிப் புண்ணாகும். முன்பட்டை தொண்டைக்குக் கீழே, மார்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். கயிறு இழுபடும்போது பட்டை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கினால் அளவு தளர்வு என்று பொருள். தளர்ந்த ஹார்னஸில் பயந்த நாய் பின்னோக்கி நகர்ந்து சில நொடிகளில் கழன்றுவிடும். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே கயிற்றை முன்னாலிருந்து மெல்ல இழுத்து இதைச் சோதித்துப் பாருங்கள்.

தோளைக் குறுக்கே கடக்கும் பட்டை நடையைத் தடுக்கும், ஒய் வடிவம் தடுக்காது என்பது பரவலான பேச்சு. 2019-ல் வெளியான ஒரு நடை ஆய்வு இரண்டு வகையும் தோள் நீட்டலைக் குறைப்பதையே கண்டது; அதிலும் 'தடுக்காத' வகை கூடுதலாகக் குறைத்தது. எனவே பெட்டியில் போட்ட படத்தை நம்பாமல், உங்கள் நாய் எட்டு வைக்கும் விதத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முன்கால் குறுகி விழுந்தால் வேறு மாதிரி தேடுங்கள்.

முகப்பட்டை

குதிரைக்குக் கடிவாளம்போல மூக்கைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் போகும் பட்டை. 50 கிலோ நாயை 50 கிலோ மனிதர் நடத்த வேண்டியிருந்தால் இதற்கு நிகர் இல்லை, ஏனென்றால் தலை திரும்பும் பக்கம்தான் உடம்பு போகும். ஆனால் பழக்காமல் மாட்டினால் பல நாய்கள் முகத்தைத் தரையில் தேய்க்கும், காலால் பிறாண்டும்.

பழக்கும் முறை: பட்டையின் வளையத்துக்கு அந்தப் பக்கம் தின்பண்டத்தை நீட்டி, நாய் தானாக மூக்கை நுழைக்க விடுங்கள். ஒரு முறைக்கு 10 தடவை, நாளுக்கு இரண்டு முறை. தயங்காமல் நுழைத்த பிறகே ஒரு நொடி கொக்கியைப் போட்டு, ஊட்டி, கழற்றுங்கள். பிறகு 5 நொடி, 20 நொடி, வீட்டுக்குள் நான்கு எட்டு என்று போகலாம். ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். மாட்டிய பிறகு வெட்டி இழுக்கக் கூடாது, நீளக் கயிறு மாட்டக் கூடாது, கழுத்து முறுக்கிக்கொள்ளும். குட்டை மூக்கு இனங்களுக்குப் பட்டை நிற்கவே இடமில்லை. இன்னொன்று: முகப்பட்டையில் தலையைத் தொங்கப்போட்டு மந்தமாக நடக்கும் நாய் அமைதியடைந்துவிடவில்லை, ஒடுங்கிப் போயிருக்கிறது.

சோக் செயின், முள் காலர், ஷாக் காலர்

சோக் செயின், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி; முள் காலர், உள்பக்கம் முட்கள் உள்ளது; ஷாக் காலர், ரிமோட்டை அழுத்தினால் மின்னதிர்ச்சி தருவது. மூன்றையும் சேர்த்தே பேசலாம். மூன்றும் ஒரே கணக்கில் இயங்குகின்றன. இழுத்தால் வலி, விட்டால் வலி நீங்கும். 1910-ல் ஜெர்மன் நாய்ப் பயிற்சியாளர் கான்ராட் மோஸ்ட் எழுதிய ராணுவ, போலீஸ் நாய்ப் பயிற்சி முறைகளிலிருந்து வந்த வழி இது. வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. வலி பழக்கத்தை நிறுத்தும், பல சமயம் உடனே நிறுத்தும். அதனால்தான் இவை இன்னும் விற்கின்றன.

சிக்கல், நாய் வலியை எதோடு முடிச்சுப் போடுகிறது என்பதில்தான். எதிரே ஒரு நாய் வருகிறது, நம் நாய் ஆவலாக முன்னே பாய்கிறது, கழுத்தில் முள் குத்துகிறது. 'இழுத்ததால் குத்தியது' என்று அது கற்கலாம். 'நாய் வந்தால் குத்தும்' என்றும் கற்கலாம். இரண்டாவதைக் கற்ற நாய் சில மாதத்தில் எந்த நாயைக் கண்டாலும் பல்லைக் காட்டுகிறது. உரிமையாளர் இன்னும் கடுமையான காலரைத் தேடுகிறார். தண்டனை பலிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும், ஒரு நொடிக்குள், போதிய கடுமையோடு விழ வேண்டும். மிதமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் நாய் வலிக்குப் பழகிக்கொள்ளும். இந்த மூன்று நிபந்தனைகளையும் தெருவில் நடந்துகொண்டே நிறைவேற்றுகிறவர்கள் மிகக் குறைவு.

போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், வலியும் மிரட்டலும் பயன்படும் பயிற்சிப் பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பயிற்சி முடிந்ததும் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் அதிகம் ஏறியிருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒப்பிட்டது. கூப்பிட்டால் வருவதில் ஷாக் காலர் குழு எந்த வகையிலும் முந்தவில்லை. வலியில்லாத வழியிலேயே அதே பலன் கிடைக்கும்போது இந்தக் கருவிகளுக்குச் சொல்ல மிஞ்சும் நியாயம் என்ன? வேல்ஸ் 2010-லேயே ஷாக் காலரைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாடு, ஆக்ரோஷமான நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைக்கிறது.

சுருளும் கயிறு

தானாகச் சுருளும் ஸ்பிரிங் கயிறு எப்போதும் லேசாக விறைத்தே இருக்கும்; இழுத்தால் இன்னும் நீளும். இழுக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது! பயிற்சிக்கு 1.8 முதல் 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும்.

நிற்பதா, திரும்புவதா, ஊட்டுவதா?

கருவி விசையைத்தான் தாங்கும். கயிறு தொங்க நடக்க வேண்டும் என்பதை மூன்று வழிகளில் கற்றுக்கொடுக்கலாம்.

முதல் வழி, கயிறு விறைத்ததும் மரம்போல நின்றுவிடுவது. தர்க்கம் சரி: இழுத்தால் கூலி இல்லை. நடைமுறையில், பலன் நின்றதும் நாய் முதலில் முன்னைவிடப் பலமாக இழுக்கும், குரைக்கும். அந்தக் கட்டத்தில் 'இது பலிக்கவில்லை' என்று நகர்ந்துவிட்டால், பலமாக இழுப்பதற்கே கூலி கொடுத்துவிட்டோம். நாய்க்கு என்ன செய்யக் கூடாது என்பது புரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்பது புரிவதில்லை.

இரண்டாவது, கயிறு விறைக்கும் முன்பே எதிர்த்திசையில் திரும்பி நடப்பது. நாய் நம்மைக் கவனிக்கப் பழகும். ஆனால் எச்சரிக்காமல் திரும்பினால் கயிறு வெட்டி இழுபட்டு அதுவே தண்டனையாகிவிடும். முதலில் 'வா' என்று சொல்லி, ஒரு நொடி விட்டுத் திரும்புங்கள்.

மூன்றாவது, நம் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கே கூலி கொடுப்பது. நேரம் குறைவாக எடுப்பதும் நிலைத்து நிற்பதும் இதுதான். மற்ற இரண்டும் இதற்குத் துணை.

வீட்டுக்குள் தொடங்குங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள், மென்மையானவை, ஒரே விழுங்கில் போகிறவை. நாய் நம் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கணத்தில் 'சரி' என்று ஒரே சொல், உடனே துண்டு. துண்டைக் கொடுக்கும் இடம்தான் பாடம்: கால்சட்டைத் தையலை ஒட்டி, நாயின் வாய் உயரத்தில், சற்றுப் பின்னால். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால் வந்து குறுக்கே நிற்கக் கற்றுக்கொள்ளும். முதல் நாட்களில் நிமிடத்துக்கு 10 முதல் 15 துண்டு. கேட்க அதிகமாக இருக்கும். மிச்சம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பத்து முயற்சியில் எட்டு முயற்சி சரியானால் அடுத்த படி: ஒரு எட்டுக்குப் பதில் மூன்று எட்டு, பிறகு வாசல், பிறகு ஆளில்லாத தெரு. தூரம், நேரம், கவனச்சிதறல் மூன்றில் ஒன்றை மட்டும் ஒரு சமயத்தில் கூட்டுங்கள். துண்டுகளின் மொத்தம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வழக்கமான தீனியைக் குறையுங்கள், அல்லது அந்தத் தீனியையே துண்டாகப் பயன்படுத்துங்கள்.

'சரி'க்குப் பதில், அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கர் ஆகாதா? ஆகும். ஒலி எப்போதும் ஒரே மாதிரி, கூர்மையானது. புது வித்தை கற்பிக்க அருமை. நடைப்பயிற்சியிலோ ஒரு கையில் கயிறு, மறுகையில் துண்டு, கிளிக்கருக்குக் கை எங்கே? ஒலிக்கு அஞ்சும் நாய் அதைக் கேட்டதும் பதுங்கும். இந்த வேலைக்குச் சொல்லே போதும்.

தட்டிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நாய்களுக்குப் புதிய இடத்தில் தலைத் தடவல் தின்பண்டத்துக்கு ஈடாகாது. ஆனால் வெளியே தின்பண்டத்தைவிட உயர்ந்த கூலி ஒன்று இருக்கிறது: மோப்பம். பத்து எட்டு கயிறு தொங்க நடந்தால் 'போ' என்று அந்தக் கம்பத்துக்கே அனுப்பிவிடுங்கள். அதிகம் விரும்பும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குக் கூலியாக வைக்கலாம் என்ற உளவியலாளர் டேவிட் பிரீமேக்கின் கொள்கை இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

இழுப்பது பயத்தால் என்றால்

இந்த ஒப்பீடு ஆவலால் இழுக்கும் நாய்க்கு. பசியில்லாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, விழி வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது, வழக்கமாக விரும்பும் தின்பண்டத்தை மறுப்பது ஆகியவை தெரிந்தால் நாய் தப்பி ஓடவே இழுக்கிறது. அங்கே நடை ஒழுங்கைக் கற்பிக்க முடியாது. பயமுறுத்தும் பொருளைப் பார்க்கிறது, ஆனாலும் துண்டைத் தின்கிறது என்ற தூரத்துக்கு விலகுங்கள். அது 20 மீட்டரோ 60 மீட்டரோ ஆகலாம். பொருள் கண்ணில் பட்டதும் துண்டு, மறைந்ததும் துண்டும் நிற்க வேண்டும். நாய் எப்படி நடக்கிறது என்பதை அப்போது கண்டுகொள்ளாதீர்கள். உறுமினால் அதட்டவும் வேண்டாம். உறுமலை அடக்கினால் போவது எச்சரிக்கை மட்டும்தான், கடி அப்படியே இருக்கும். ஒழுங்காக நடந்துவந்த நாய் திடீரென்று இழுக்கவோ பின்தங்கவோ தொடங்கினால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் மூட்டு, முதுகு, பல் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நேரமில்லாத நாட்களுக்கு ஓர் உத்தி: மார்பிலும் முதுகிலும் வளையம் உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். கயிறு மார்பில் இருந்தால் பாடம். இழுத்தால் ஓர் எட்டுக்கூட நகராதீர்கள். அவசரமாகப் போக வேண்டுமென்றால் முதுகு வளையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது இழுத்தாலும் பரவாயில்லை. ஓரிரு வாரத்தில் நாய் கொக்கி எங்கே மாட்டுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கிவிடும்.