பண்ணையா, தீவா?

எனக்கு ஆட்டிசம். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக்கில் ரயில் மாறி செந்தூல் வந்து சேரும்போது தலைக்குள் வெறும் இரைச்சல்தான் இருக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பவை இரண்டு கேம்கள்: 2016இல் வந்த, பண்ணை நடத்தும் ஸ்டார்டியூ வேலி; 2020இல் வந்த, தீவில் வாழும் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்.

ஸ்டார்டியூவில் ஒரு பருவத்துக்குச் சரியாக 28 நாள். தினமும் தண்ணீர் ஊற்றினால் காலிஃபிளவர் 12 நாளில் விளையும். ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் எந்தப் பரிசு பிடிக்கும் என்பதும் மாறாது; எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்பதை இதயங்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் இப்படி இதயக் கணக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குறையும் உண்டு. அங்கே ஒரு நாள் ஏறக்குறைய 14 நிமிடத்தில் ஓடிவிடும். என் ஸ்விட்சில் (நிண்டெண்டோவின் கேம் கருவி) கேமுக்குள் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிட்டால், "இருங்கம்மா, இன்னும் படுக்கல" என்பேன். ரொட்டி சானாய் ஆறிப்போகும்.

அனிமல் கிராசிங்கில் அந்த அவசரம் இல்லை; அங்கே ஓடுவது நம் நிஜக் கடிகாரமே. ஆனால் கடை இரவு 10 மணிக்கு மூடிவிடும். சில வாரம் போகாமல் இருந்தால் தீவெங்கும் களை, அதோடு எங்கே போனாய் என்று தீவுவாசிகளின் விசாரணை வேறு. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே அங்கே போகிறேன்! சரி, மீனும் பூச்சியும் பிடித்து அருங்காட்சியகத்தை நிரப்புவதில் தீவை அடிக்க முடியாது.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பண்ணையைச் சொல்வேன். அது சாதாரண கணினியிலும் ஓடும்; தீவுக்கு ஸ்விட்சும் வாங்க வேண்டும்.