ஸ்லேனில் தங்கினால் எதை முதலில் பார்ப்பது: நியூகிரேஞ்சா, தாராவா, ட்ரிம் கோட்டையா?

அயர்லாந்தின் மீத் கவுன்டியில், ஸ்லேன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு விருந்தினர் இல்லத்தில் மூன்று இரவு தங்கினோம். நான், கணவர், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முக்கால் மணி நேரக் கார் தூரத்துக்குள்ளேயே பார்க்க வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பாதி நேரம் காரிலேயே போய்விடும். அதனால் போய்வந்த இடங்களை ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதல் போட்டி நியூகிரேஞ்சுக்கும், பக்கத்திலேயே உள்ள இன்னொரு கல்லறை மேடான நௌத்துக்கும். இரண்டும் ஒரே தொல்லியல் வளாகம், 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட கல்லறை மேடு. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. 19 மீட்டர் நீளமுள்ள கல் நடை வழியில் குனிந்து, சில இடங்களில் உடம்பை ஒருக்களித்துப் போக வேண்டும். முடிவில் திடீரென்று தலைக்கு மேல் 6 மீட்டர் உயரத்துக்குக் கல் மேல் கல்லாகக் கூம்பி நிற்கும் அறை. சுண்ணாம்போ சாந்தோ இல்லாத அந்தக் கூரை ஐயாயிரம் ஆண்டு அயர்லாந்து மழையில் ஒழுகவில்லை.

குளிர்காலக் கதிர்த்திருப்ப நாட்களில், அதாவது டிசம்பர் 21ஐ ஒட்டிப் பகல் மிகக் குறுகியிருக்கும் நாட்களில், காலை 9 மணி வாக்கில், வாசலுக்கு மேலே உள்ள சிறு திறப்பு வழியாகச் சூரிய ஒளி இந்த அறை வரை வரும். 17 நிமிடம் நிற்கும். நடை வழியின் தரை உள்ளே போகப் போக 2 மீட்டர் ஏறுகிறது. அதனால் வாசலுக்கு மேலிருக்கும் திறப்பும் உள்ளறையின் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. கட்டியவர்கள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே காத்திருந்து இந்த ஒளியைப் பார்த்தார். அந்த நாட்களில் உள்ளே போகக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மற்ற நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மின்விளக்கால் அதைச் செய்து காட்டுகிறார்கள். மின்விளக்குதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த இருட்டில் மெல்லிய கோடாக ஒளி காலடிக்கு வந்தபோது சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நௌத்தில் இப்படி உள்ளே போக முடியாது. ஆனால் வெளியே இருப்பதே ஒரு கலைக்கூடம்: பெரிய மேட்டைச் சுற்றி 120க்கும் மேற்பட்ட விளிம்புக் கற்கள், பலவற்றில் சுருள்களும் பிறைகளும் அலைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் பட்டது. நியூகிரேஞ்சின் முகப்பில் பளீரென்று நிற்கும் வெள்ளைப் படிகக்கல் சுவர், ஓ'கெல்லியின் முடிவுப்படி 20ஆம் நூற்றாண்டில் கான்கிரீட் துணையோடு எழுப்பப்பட்டது. நௌத்தைத் தோண்டிய ஜார்ஜ் ஓகன், அதே வகைக் கற்களைத் தரையில் பரப்பியபடியே விட்டார். எது சரி என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த வாதம் புரியும். ஒன்றுதான் முடியும் என்றால் நியூகிரேஞ்ச், சந்தேகமே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். வழிகாட்டி செயலியில் நியூகிரேஞ்ச் என்று போட்டால் கல்லறை இருக்கும் வடகரைக்கே கூட்டிப் போகும்; அங்கே உள்ளே விட மாட்டார்கள். தென்கரையில் டோனோர் அருகே உள்ள பார்வையாளர் மையத்துக்குப் போய், நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து, அவர்களுடைய பஸ்ஸில் ஏற வேண்டும். அப்புறம், டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கும்போது உள்ளறைக்கும் சேர்த்துத்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா மெதுவாக நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். குறுகலான இடத்தில் மட்டும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டோம்.

தாரா இதற்கு நேர் எதிர். டிக்கெட் இல்லை, கதவு இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. அயர்லாந்தின் உயர் அரசர்கள் முடிசூடியதாகச் சொல்லப்படும் குன்று, இன்று ஆடு மேயும் புல்வெளி. மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும்; கதை தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். தெரிந்துகொண்டு போங்கள். உச்சியில் நிற்கும் லியா ஃபால் என்ற கல்லை உரிய அரசன் தொட்டால் அது முழங்கும் என்பது ஐதீகம். 1843 ஆகஸ்ட் 15 அன்று அயர்லாந்து அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் இங்கே கூட்டிய கூட்டத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். 1899இல் தொடங்கி ஒரு குழு இங்கே பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழை (பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைத்த பெட்டி) புதைந்திருக்கிறது என்று நம்பி மண்ணைக் கிளறியது. கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்து எழுதினார்கள். அந்தச் சேதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. மேட்டில் ஏறி உருண்டு, ஓடி, லியா ஃபாலை முறை வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். காலை முழுக்க அதைத் தொடாதே, இங்கே நில் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அதனால்தான் காலையில் நியூகிரேஞ்ச், மாலையில் தாரா என்று சேர்க்கச் சொல்கிறேன். நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம், புல் வழுக்கும்.

ட்ரிம்முக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். அயர்லாந்தின் மிகப் பெரிய ஆங்கிலோ-நார்மன் கோட்டை அங்கே இருக்கிறது. 1172இல் இங்கிலாந்து அரசரிடமிருந்து மீத்தைப் பெற்ற நார்மன் பிரபு ஹியூ டி லேஸி தொடங்கியது. நடுக்கோபுரத்துக்கு 20 பக்கங்கள். அதன் உள்ளே வழிகாட்டியோடுதான் ஏற முடியும், படிகள் செங்குத்து. அம்மா கீழே புல்வெளியில் இருந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பிடித்தது கோட்டை இல்லை. ஆற்றோரம் சிறிது தூரத்தில் நியூடவுன் இடிபாடுகளில் 16ஆம் நூற்றாண்டுத் தம்பதியின் கல்லறை ஒன்று. இரண்டு கற்சிலைகளுக்கும் நடுவே ஒரு வாள். அங்கே தேங்கும் மழைநீரில் ஊசியைத் தொட்டு மருவில் வைத்துவிட்டு, அந்த ஊசியை அங்கேயே போட்டால் மரு உதிரும் என்பது ஊர் நம்பிக்கை. துருப்பிடித்த ஊசிகளைப் பார்த்ததும், "நம்ம கோயில்ல உப்பும் மிளகும் போடுற மாதிரிதான்" என்றார் அம்மா.

ஆஷ்போர்னுக்குப் பக்கத்தில் உள்ள எமரால்ட் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவைப் பிள்ளைகள் கேட்பார்கள். டேட்டோ பார்க் என்று முன்பு பெயர், 2023இல் மாறியது. கூ ஹலின் என்ற புராண வீரன் பெயரில் மரத்தாலான ரோலர் கோஸ்டர், கூடவே விலங்குக்காட்சி சாலை. சவாரிகளுக்கு உயர வரம்பு இருப்பதால் சின்னவனால் பாதிச் சவாரிகளில் ஏற முடியாது, ஒரு முழு நாளும் போய்விடும். இரண்டே நாள் தங்குபவர்கள் இதை விடலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் ட்ரிம்மை விட்டுவிட்டு இங்கே போகலாம்.

ஊர் திரும்பும் நாளில் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் மோனாஸ்டர்பாய்ஸ் என்ற பழைய மடாலய இடிபாடுகளுக்குப் போகலாம். இடுகாட்டின் நடுவே 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த முரடாக்கின் சிலுவை, ஆதாம் ஏவாள் முதல் இறுதித் தீர்ப்பு வரை கல்லில் சொல்கிறது. கட்டணம் இல்லை. அடியில் இரண்டு பூனைகள் செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இடத்தைச் சொல்லாதீர்கள், அவர்களே தேடட்டும்.