விண்கலத்தில் புகையைப் பிடிப்பது: அயனியா, ஒளியா?

தரமணி அலுவலகங்களில் புகை உணரியைக் கூரையில் பொருத்துகிறார்கள்; சூடான புகை மேலே ஏறும் என்ற கணக்கு. சுற்றுப்பாதையில் மேல், கீழ் ஏது? மிதப்பு விசை இல்லாததால், காற்றோட்ட விசிறி இழுக்கும் பக்கம்தான் புகை போகும். ஆகவே உணரிக்கு இடம் தேடிப் புகையின் போக்கைக் கணினியில் மாதிரியாக அமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, காற்று எந்த மூலையில் தேங்குகிறது என்பதை.

அமெரிக்க விண்ணோடங்கள் அயனி உணரியை (காற்றை மின்னேற்றி, புகை புகுந்ததும் மின்னோட்டம் குறைவதைக் கவனிப்பது) நம்பின. மிக நுண்ணிய துகள்களில் அது கெட்டி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெரிக்கப் பகுதியிலோ லேசர் ஒளிச்சிதறல் உணரி. எடையின்மையில் புகைத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகக்கூடும். பெரிய துகள்தான் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். என் வாக்கு ஒளி உணரிக்கே. தொல்லை ஒன்றுண்டு: தூசியும் (அங்கே அது தரையில் படியாதே!) பொய் எச்சரிக்கை எழுப்பிவிடும்.